நீலப் பேனா வரைந்த மலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் தொடங்கித் திருமழிசை வரைக்கும் அந்த நாளில் இருந்த தொழிற்சாலைகள் அத்தனையையும் சலித்துப் பார்த்தாலும், ஒரு விதியைக்கூட முழுசாகக் கடைப்பிடிக்காமல் ஐம்பத்தெட்டு வயது வரை வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்ற ஆள் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் சோடா. அந்த விதிகளை எழுதியவன் நான் என்பதால் இதை அடித்துச் சொல்லலாம்.

எங்கள் கம்பெனி திருமழிசையில், வயல் வரப்பு முடிகிற இடத்தில் இருந்தது. மருந்துக் களிம்புகளுக்கு வேண்டிய மூலப்பொருள் தயாரித்தோம். மெழுகும் வெண்ணெயும் கல்யாணம் செய்துகொண்டால் பிறப்பது போன்ற ஒரு வெள்ளைப் பொருள். சரக்கைக் காய்ச்சும் ரியாக்டர் மூன்று, ஒரு லேப், ஒரு கேன்டீன், ஒரு முதலாளி. நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. என் கையெழுத்து இல்லாமல் அந்தக் காம்பவுண்டுக்குள் ஒரு டிரம் நகராது. கழிவறையில் சோப்பை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு பக்க விதி எழுதி ஒட்டியிருந்தேன். சோப்போடு சேர்த்து அதையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

சோடா லேபின் மெக்கானிக். கருவிகளைப் பழுது பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. ஆனால் நாங்கள் வேலைக்கு எடுத்த பட்டதாரிகள் எல்லோரும் பாஸ்போர்ட் வந்த கையோடு வளைகுடாவுக்குப் பறந்துவிட்டதால், கருவிகளை ஓட்டுவதும் அவர் தலையில் விழுந்தது. அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சட்டைப் பையில் எந்நேரமும் ஸ்குரூ, வாஷர், ஸ்பானர். அந்தப் பாரத்தில் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும்.

பெயர்க் காரணம் எளியது. லேபுக்கு வரும் ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும் அவர் குடித்துப் பார்ப்பார். கனமான கோலி சோடா பாட்டில் ஒன்றில் பாதி ஐஸ் தண்ணீர் ஊற்றி, ரப்பர் குழாய் வழியாக வாயுவை விட்டு, கட்டை விரலால் வாயை அழுத்திக் குலுக்குவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு. பிறகு சுருதி சேர்க்கிற வித்வான் மாதிரி தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். ஏப்பம் வரும். ஏப்பம் சுத்தமாக இருந்தால் சிலிண்டர் உள்ளே வரலாம். இல்லாவிட்டால் லாரிக்காரனிடம் திரும்பும்.

"இது வெல்டிங் கடைக்குப் போவ வேண்டியது சார். கம்ப்ரசர்ல எண்ணெ ஒழுவுது. நாக்குல நிக்குது பாருங்க" என்று பாட்டிலை என்னிடமே நீட்டுவார்.

ஒரு தர அதிகாரி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஆய்வகத்தில் எதையும் அருந்துவதோ சுவைப்பதோ கூடாது என்று மெமோ கொடுத்தேன். என் மெமோக்கள் இளஞ்சிவப்புக் காகிதத்தில் இருக்கும். வேறு காகிதங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர், "படித்தேன். எழுத்து முத்து முத்தாக உள்ளது" என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது மெமோவுக்கு, "முந்தியதைவிட இது சுருக்கம்." மூன்றாவதில் சம்பள உயர்வு நிறுத்தப்படும் என்று சேர்த்தேன். மறுநாள் பாட்டிலைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். நான் ஜெயித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மெஷின் வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் எங்கோ மூடிவிட்ட லேபிலிருந்து முதலாளியின் மைத்துனர் மரப்பெட்டியில் அடைத்து அனுப்பியது. அது என்ன செய்யும் என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் பயப்பட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடை ஓர் அளவுக்கு மேல் அழுத்திக் கொஞ்சம் சூடும் காட்டினால், அது வாயுவாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. வாயுவைப் போல ஓடும், திரவத்தைப் போலக் கரைக்கும். மீமாறுநிலைப் பாய்மம் என்று கலைச்சொல் அகராதியில் பார்த்துச் சொன்னேன். "ரெண்டுங்கெட்டான்னு சொல்லுங்களேன் சார்" என்றார் சோடா. கம்பெனியில் அதுவே நிலைத்தது. இந்த ரெண்டுங்கெட்டானில் எங்கள் சரக்கைக் கரைத்து, முடி போல மெல்லிய நீளக் குழாய் ஒன்றின் வழியே அனுப்பினால், அதில் கலந்திருப்பவை எல்லாம் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். வாசலில் ஒரு டிடெக்டர் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துப் பேனாவை அசைக்கும். ஓடும் காகிதத்தில் பேனா ஏறி இறங்கினால் ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மெஷினோடு வந்த டிடெக்டர் புற ஊதா ஒளியில் பார்ப்பது. அந்த ஒளியை மறைக்கும் பொருள்கள்தான் அதற்குத் தெரியும். எண்ணெயும் மெழுகும் மறைக்காது. எங்கள் கம்பெனியிலோ எண்ணெயையும் மெழுகையும் விட்டால் வேறு சரக்கே கிடையாது. ஆறு மாதம் அது வாசலில் நாற்காலி போட்டுத் தூங்கும் வாட்ச்மேனைப் போல இருந்தது. நேர்க்கோடு போட்டது. நான் அந்த நேர்க்கோடுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது பக்கத்துக் கம்பெனியில் ஒரு கலாட்டா. அங்கே ஓர் ஆபரேட்டர் நல்ல சரக்கைக் கேன் கேனாக வெளியே கடத்திவிட்டு, குறைந்துபோன அளவுக்கு மலிவான மினரல் ஆயிலை ஊற்றி நிரப்பியிருக்கிறான். செய்தி கேட்டதிலிருந்து எங்கள் முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் ஆட்களையும் சோதிக்க வேண்டும் என்றார். அதற்குத் தீச்சுடர் டிடெக்டர் வேண்டும். சின்ன ஹைட்ரஜன் சுடர் ஒன்று எரியும், எண்ணெய் வந்தாலும் மெழுகு வந்தாலும் எரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு எரியாது, ஆகவே அதைக் கண்டுகொள்ளாது. மெஷின் கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். ஆள் வந்து பொருத்த எட்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

"எட்டு மாசம் இன்னாத்துக்கு? மூலையில பழைய மெஷின் ஒண்ணு தூங்கிகினு கீது. அதும் தலைய எடுத்து இதும் உடம்புல வெச்சிட்டா போச்சு" என்றார் சோடா.

தலையை வைப்பது சுலபம். கழுத்துதான் சிரமம். மெஷினுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல இருநூறு மடங்கு. சுடர் எரிவதோ திறந்த காற்றில். நடுவே முடியைவிட மெல்லிய ஒரு தொண்டை வேண்டும். அது கொஞ்சம் அகலமாகிவிட்டால் சுடர் அணையும். சரியான சூட்டில் வைக்காவிட்டால் வாயு விரியும்போது குளிர்ந்து, உள்ளே வருவது கட்டியாகி, தும்மல் போல வெடித்துத் தெறிக்கும், பேனா துள்ளும். சோடா அந்தத் தொண்டையைச் செய்யப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒரு நகைப் பத்தரிடம் போனார். தாலிக்கு உருப்படி பற்ற வைக்கிற ஆக்சிஜன் ஊதுகுழலில் கண்ணாடி நாளத்தைக் காட்டி இழுத்துப் பார்த்தார். அரைநாள் லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'நகைக்கடையில் தொண்டை வேலை' என்று எழுதியிருந்தார். டாக்டர் சான்றிதழ் இணைக்கவும் என்று நான் குறிப்பு எழுதினேன்.

இருபதுக்கு மேல் உடைந்து, கடைசியில் ஒன்று நின்றது. பத்தர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், இனிமேல் வராமல் இருந்தால் போதும் என்று. முதலில் ஒளி, பிறகு தொண்டை, பிறகு சுடர் என்று வரிசையாகக் கோர்த்தார் சோடா. ஒரே காகிதத்தில் இரண்டு பேனா. சிவப்புப் பேனா ஒளி டிடெக்டருடையது, நீலப் பேனா சுடர் டிடெக்டருடையது. முதல் நாள் எங்கள் சரக்கைப் போட்டதும் சிவப்புப் பேனா வழக்கம்போல் படுத்துக்கொண்டது. நீலப் பேனா எழுந்து கோபுரம் கோபுரமாக வரைந்தது. அத்தனை வருஷமாக நாங்கள் விற்றுக்கொண்டிருந்தது என்னவென்று அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். சோடா மெஷினின் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் அதற்கொரு செய்முறை விதி எழுதினேன்.

விதி இதுதான். காலை ஒன்பது மணிக்கு எதையும் போடாமல் ஒரு வெற்று ஓட்டம். பிறகு ரியாக்டர் எண் வரிசைப்படி மூன்று சாம்பிள். சோடாவுக்கு மெஷின் எதிரிலேயே தயிர்சாதம் சாப்பிடும் வழக்கம், ஒரு கை சாதத்தில், ஒரு கை திருகில். சுடர் எரிகிற இடத்தில் எலுமிச்சை ஊறுகாயை அனுமதிக்க எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. ஆகவே இன்னொரு இளஞ்சிவப்புக் காகிதம்: பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும். தொண்டை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அந்த ஒரு மணி நேரமும் மெஷின் குறைந்த அழுத்தத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கட்டும் என்றும் நானே சேர்த்தேன். இரண்டு சாம்பிள் முடிந்ததும் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் மூன்றாவது. கணக்காக இருந்தது.

கேன்டீனுக்குப் போன சோடாவுக்கு அங்கே ஒரு சிநேகிதம் கிடைத்தது. மூன்றாம் ரியாக்டர் ஆபரேட்டர் முனுசாமி. நசரத்பேட்டைக்காரன். அவனுடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் காக்கிச் சட்டையும் மாதச் சம்பளமுமாக முதலில் வேலைக்கு வந்தவன் இவன்தான். அதிகம் பேச மாட்டான். அதிகம் பேசுகிறவருக்கு இதைவிட நல்ல ஜோடி அமையாது. சோடா பேசுவார், அவன் கேட்டபடியே தன் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பை அவர் பக்கம் தள்ளுவான். "போட்டுக்கோ அண்ணாத்தே, ஆறிடப்போவுது" என்பதுதான் அவன் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம்.

இரண்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை மூன்றாம் ரியாக்டர் சாம்பிளில், கோபுரங்களுக்கு அடியில் நீலப் பேனா ஒரு பெரிய மேட்டை வரைந்தது. மினரல் ஆயில் வரும் இடத்தில் வழவழவென்று ஒரு மலை. செவ்வாயும் அதே மலை. ஒன்றிலும் இரண்டிலும் சமவெளி.

சோடா என்னிடம் வந்தார். "சார், எனக்கு கேஸ் மேல டவுட்டு. புது சிலிண்டரு. ஒரு மடக்கு குடிச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்."

வாயு கெட்டிருந்தால் காலையில் வெற்று ஓட்டத்திலேயே மலை வந்திருக்க வேண்டும், ஒன்றாம் எண்ணிலும் இரண்டாம் எண்ணிலும் வந்திருக்க வேண்டும், வரவில்லையே, ஆகவே குடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்றேன். அவர் மெஷினுக்குத் திரும்பிப் போனார். இன்று யோசித்தாலும் என் வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. முடிவுதான் தப்பு.

ஐந்து நாளும் மலை வந்தது. சனிக்கிழமை முனுசாமி சஸ்பெண்ட் ஆனான். செக்யூரிட்டி அவனைக் கேட் வரை நடத்திக்கொண்டு போய், எல்லோரும் பார்க்க அவன் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துத் தட்டினார். காலி டப்பா உருண்டது. சார்ஜ் ஷீட்டை நான் எழுதினேன். மூலச் சரக்கைக் கடத்தியது, கலப்படம் செய்தது என்று இரண்டு குற்றம். ஐந்து காகிதங்களும் இணைப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் ஓட்டியவர் என்ற முறையில் சோடாவின் கையெழுத்து. என்கொயரி அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு.

அந்த வாரம் நசரத்பேட்டையில் என்ன நடந்தது என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொன்னார்கள். தெருவில் 'எண்ணெ திருடன் ஊடு' என்று அடையாளம் சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். முனுசாமி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. இதையெல்லாம் சோடாவும் கேட்டுக்கொண்டிருந்தார். மதியம் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டு வந்துவிடுவார்.

வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு லேப் பக்கம் போனேன். சோடா மெஷின் எதிரில் உட்கார்ந்திருந்தார். இது சாப்பாட்டு நேரம், விதி தெரியாதா என்றேன்.

"பசிக்கல சார்."

மூன்று மணிக்கு அவர் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமே என்று, பாதுகாத்து வைத்திருந்த முனுசாமியின் பழைய சாம்பிளை, இரண்டாம் எண் முடிந்த கையோடு போட்டிருந்தார். நான் விதியை விளக்கிக்கொண்டிருந்தபோதே அவர் கை தூக்கி என் பேச்சை நிறுத்தினார். நீலப் பேனா மலை வர வேண்டிய இடத்துக்கு வந்தது. ஏறவில்லை. அதே சாம்பிள், அதே சிலிண்டர், சமவெளி.

அவர் காகிதத்தைக் கிழித்து ஓரமாக வைத்தார். பிறகு அழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என்ன செய்கிறார் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யல சார். சாப்ட போயிருக்கேன்னு வெச்சிக்கோங்க" என்றார். ஒரு மணி நேரம் கழித்து, எந்தச் சாம்பிளும் போடாமல் மெஷினை ஓட்டினார். நீலப் பேனா எழுந்தது. அந்த ஐந்து நாள் மலையையும்விடப் பெரியதாக ஒன்றை வரைந்தது. எங்கள் சரக்கில் ஒரு துளி கூட உள்ளே போகவில்லை.

என்கொயரி முதலாளியின் அறையில். முதலாளி, விசாரணை அதிகாரியாக நான், சுவரோரம் நின்றபடி முனுசாமி. சோடா இரண்டு காகிதங்களோடும் கேன்டீன் கண்ணாடி டம்ளர் ஒன்றோடும் வந்தார். டம்ளரில் சிலிண்டர் வாயுவில் செய்த சோடாத் தண்ணீர். அதை முதலாளி முன்னால் வைத்துக் குடிக்கச் சொன்னார். விசாரணைப் படிவத்தில் சுவைக்கு இடம் கிடையாது என்று நான் ஆட்சேபம் எழுப்பினேன். முதலாளி ஒரு வாய் குடித்தார். எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கேஸ்ல எண்ணெ கீது சார். கொஞ்சூண்டுதான்" என்றார் சோடா. "மெஷின் ஒரு மணி நேரம் மெதுவா ஓடிகினு இருந்தா, அது வந்து வந்து கொழா வாசல்ல உக்காந்துக்குது. அப்பால நாம அழுத்தம் ஏத்தனா, எல்லாம் ஒண்ணா கெளம்பி வருது. காலைல வெயிட் பண்றதில்ல, அதான் வர்ல. சாப்பாட்டுக்கு அப்பால மூணாம் நம்பர் மொற. எவன் சாம்பிள போட்டாலும் மல வரும். ஒண்ணுமே போடாங்காட்டியும் வரும்."

முதலாளியின் கோபம் முனுசாமியை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடியது. "அப்ப ஒரு மணி நேரம் மெஷின அப்படியே விட்டுட்டு எங்கய்யா போனே?"

சோடாவின் டெரிலின் சட்டைப் பை வழியாக இளஞ்சிவப்பு தெரிந்தது. என் மெமோக்களைக் கிழித்துத்தான் அவர் ஸ்குரூ பொட்டலம் கட்டுவார். அதை எடுத்து மேஜை மேல் வைத்தால் போதும், என் கையெழுத்து பேசியிருக்கும். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"சாப்ட போனேன் சார்" என்றார்.

சோறுதான் பெரிது என்றால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே என்று முதலாளி அவரைப் பத்து நிமிஷம் காய்ச்சினார். நான் மேஜை விரிப்பின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன். குற்றச்சாட்டு கைவிடப்பட்டதாகத் தீர்மானம் எழுதினேன். வெளியே வந்ததும் சோடா முனுசாமியின் தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"அஞ்சி நாளும் நீதானே அந்த பேப்பர கிழிச்சிக் குடுத்தே? என் எதுர குந்தி துன்னுட்டுப் போயி, அங்க என்ன மாட்டிவுட்ற பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கினு இருந்தே."

அவன் 'அண்ணாத்தே' என்று சொல்லவில்லை என்பதை சோடா கவனித்தார். நானும் கவனித்தேன்.

மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவு பதிவுத் தபாலில் போக வேண்டும் என்பது விதி. சோடா ஒப்புக்கொள்ளவில்லை. தபால்காரர் கொடுத்தால் தெருவுக்கு எப்படித் தெரியும் என்றார். மறுநாள் இருவரும் நசரத்பேட்டையில் இறங்கினோம். உத்தரவு என் பையில், காகிதச் சுருள் அவர் கக்கத்தில். முனுசாமி வீட்டுக்கு எதிரில் டீக்கடை. சோடா இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, சுருளை விரித்து, நான்கு டீ கிளாஸை மூலைகளில் வைத்து, அந்தத் தெருவுக்கு ரெண்டுங்கெட்டானை விளக்கத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். வேறு எங்கேயும், எந்தப் பல்கலைக்கழகத்திலும், அந்தப் பாடத்தை அத்தனை கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அப்ப எண்ணெ யாரு ஊத்தனது?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"யாரும் ஊத்தல நைனா. சிலிண்டர்லயே கீது."

"ஊத்தாத ஆளு பைய இன்னாத்துக்குக் கவுத்துப் பாத்தீங்கோ?"

சோடா சுருளைச் சுற்றினார். "தப்பு என்னுது. நான் மெஷின உட்டுட்டு சாப்ட போய்ட்டேன். முன்சாமி மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க, தப்பு என்னுது."

முனுசாமியின் மனைவி அதுவரை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த உத்தரவை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கும்பிடு போட்டாள். சோடாவைப் பார்த்து, "நீ சாப்ட்டது எங்க ஊட்டு கொழம்பு" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. சோடா நின்றுகொண்டே வந்தார்.

முனுசாமி வேலைக்குத் திரும்பினான். அந்தச் சிலிண்டரைத் திருப்பி அனுப்பினோம். குடித்துப் பார்க்கத் தடை, கேன்டீன் சாப்பாடு என்ற என் இரண்டு உத்தரவையும் சத்தமில்லாமல் ரத்து செய்தேன். ரத்து செய்ததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. 'நிர்வாக வசதி' என்று நிரப்பினேன். சோடா இனி லேபிலேயே சாப்பிடலாம். ஆனால் அவர் தினமும் கேன்டீனுக்குத்தான் போனார், அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார். முனுசாமி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு ரியாக்டர் கொட்டகைக்குப் போய்விட்டான். காலையில் கேட்டில் என்னைக் கண்டால் நின்று வணக்கம் வைப்பான். வேலையைத் திருப்பிக் கொடுத்த கையெழுத்து என்னுடையது அல்லவா. எனக்கு இரண்டடி பின்னால் வரும் சோடா, "இன்னா முன்சாமி" என்பார். அவன் போய்விடுவான். ஏழு வருஷம், வேலை நாள் தவறாமல், அவர் கேட்டார், அவன் போனான். நடுவில் நான் வணக்கத்தை வாங்கிக்கொண்டு நின்றேன்.

சோடா ஓய்வு பெற்ற அன்று முதலாளி மாலை போட்டார். முனுசாமிக்கு அன்று ஷிப்ட் இருந்தது. கொட்டகையை விட்டு வரவில்லை. மாலையைக் கையில் பிடித்தபடி சோடா பஸ்ஸுக்கு நின்றார். நானும் கூட நின்றேன். ஏழு வருஷமாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் அந்த மெமோவை எடுத்துக் காட்டவில்லை? நானே அவனிடம் சொல்லிவிடட்டுமா?

"வாணாம் சார். அவன் அந்த ரியாக்டர்ல ஏத்தறது எறக்கறது எல்லாம் உங்க கையெழுத்துல. இத்தினி டிகிரி, இத்தினி நேரம்னு நீங்க எழுதறத நம்பித்தான் வால்வுல கை வெக்கறான். அந்த நம்பிக்க போச்சுன்னா ஒரு நாள் அவனா யோசிச்சி எதுனா செய்வான், கை வெந்துபூடும். என்னாண்ட பேசாங்காட்டி இன்னா, யாருக்கும் ஒண்ணும் ஆவாது." பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே, "உங்குளுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் கீது. அப்பால சொல்லிக்கலாம்" என்றார்.

நான்கு வருஷம் முடிவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். மெஷினைக் கிலோ விலைக்கு எடைபோட்டுத் தூக்கினார்கள். அந்தக் குழப்பத்தில் முனுசாமி எங்கே போனான் என்று தெரியவில்லை. நசரத்பேட்டையில் போய்க் கேட்டேன். அந்தத் தெருவே அகலமாகி வேறு தெருவாக இருந்தது. சோடா காலமான செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

முனுசாமி, நீயோ உன் வீட்டில் யாரோ இந்தப் பத்திரிகையைப் பார்த்தால் சொல்ல வேண்டியது இதுதான். அன்று மெஷினை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும்படி அவருக்கு எழுத்தில் உத்தரவு போட்டவன் நான். வாயுவைச் சோதிக்கவிடாமல் தடுத்தவனும் நான். நீ பேசாமல் இருந்திருக்க வேண்டியது என்னிடம். அவரிடம் பேசியிருக்கலாம். நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் அதிகம்.